நாற்பது வருஷத் தரை

"ஓக் மரம் நாப்பது வருஷம் உழைக்கும், பெல்கிஸ். நாப்பது..."

"உழைக்கட்டும். உங்களுக்கு இப்பவே எழுபத்தொண்ணு..."

"...வருஷம்னு கடைக்காரன் சத்தியம் பண்றான்!"

"லாமினேட்ல கீறல் விழாது, கறை பிடிக்காதுன்னும் அதே கடைக்காரன்தான் சத்தியம் பண்ணான். உங்க காதுல அது மட்டும் விழாது."

கணவன் நுஸ்ரத் கையில் தரைக்குப் போடும் ஓக் பலகை, பெல்கிஸ் கையில் மரம்போல அச்சடித்த லாமினேட் பலகை. இருவரும் கத்திச்சண்டைக்கு நிற்பவர்களைப் போல நின்றார்கள். சண்டைக்குக் காரணம் ஜெர்மனியிலிருந்த மகள் ஷுலே. "பிள்ளை தவழ்றான்மா. உங்க வீட்டுப் பழைய தரையில சிலாம்பு குத்தும். தரையை மாத்துங்க, பெருநாளுக்குக் கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டாள். பேரனைப் பெல்கிஸ் இதுவரை தொலைபேசித் திரையில்தான் பார்த்திருந்தாள். திரையை முத்தமிட்டு முத்தமிட்டு அலுத்துப் போயிருந்தது.

கீழேயிருந்து 'ர்ர்ர்ர்' என்று ஒரு சத்தம் எழுந்து நான்கு மாடியும் அதிர்ந்தது.

"என்னங்க அது?"

"கீழ்த்தளத்துல தூண்ல ஏதோ துளை போடறாங்க. குடியிருப்போர் கூட்டத்துல பேசினாங்க."

"எதுக்காம்?"

"யாரு கேட்டா? டிவியில பந்தாட்டம் ஆரம்பிக்கிற நேரம். சம்மதம்னா கை தூக்குங்கன்னாங்க. தூக்கிட்டு ஓடியாந்துட்டேன்."

"அறுபது படி ஏற மூச்சு வாங்குது, பந்தாட்டத்துக்கு மட்டும் ஓடியாறீங்க."

கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. இரண்டு பலகையையும் வாசற்கதவின் உட்பக்கத்தில், செருப்பு மாற்றும் இடத்தில் போட்டுவைப்பது. ஒரு வாரம் கழித்து எது நல்லபடி இருக்கிறதோ அது ஜெயித்ததாகக் கணக்கு.

மூன்று நாளாகியும் ஓக் பலகை மாப்பிள்ளை மாதிரி மினுமினுத்தது. பெல்கிஸுக்குப் பொறுக்கவில்லை. நுஸ்ரத் காபிக்கடைக்குச் சொக்கட்டான் ஆடப் போன நேரத்தில், கெட்டிலில் மிஞ்சிய தேநீரில் பாதியை அதன்மேல் தவறுதலாகக் கொட்டினாள். கொட்டிவிட்டு உட்கார்ந்து மீதியை ஒரு தம்ளரில் ஊற்றிக் குடித்தாள். திரும்பிப் பார்த்தால் பலகையில் கரேலென்று கறை. மனசு உறுத்தியது. எலுமிச்சை தேய்த்தாள், கறை வெளுத்து நிலாவானது. ஆலிவ் எண்ணெய் தடவினாள். நிலாவுக்கு மேகம் கூடியது.

அப்போதுதான் தன் லாமினேட்டைக் கவனித்தாள். ஓரமெல்லாம் அடுப்பில் வைத்த பொரெக் பலகாரம் மாதிரி அடுக்கடுக்காக உப்பியிருந்தது. அதன்மேல் அடி ஒழுகும் பூவாளி.

நுஸ்ரத் உள்ளே நுழைந்ததும் கேட்டாள். "பூவாளி பால்கனியிலேருந்து நடந்து வந்துச்சா?"

அவர் குனிந்து பார்த்தார். "நடந்துதான் வந்திருக்கணும். வழியில தேநீரைச் சந்திச்சிருக்கும்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்தில் ஆளுக்குப் பாதி என்று முடிவு செய்தார்கள். ஜன்னல் பக்கம் ஓக், கதவுப் பக்கம் லாமினேட்.

தச்சர் வந்து பாதிக்குப் பாதி போட்டார். ஓக் பலகை ஒரு விரல் தடிமன் கூட. அறைக்கு நடுவே ஒரு படி முளைத்தது.

"இதுல தடுக்கி முதல்ல விழப்போறது பேரன் இல்ல, நீங்கதான்," என்றாள் பெல்கிஸ்.

லாமினேட்டுக்கு அடியில் அட்டை வைத்து உயர்த்தினார்கள். படி போயிற்று. கதவு திறக்கவில்லை. கதவின் அடியைச் சீவினார்கள். கதவு திறந்தது. அந்தச் சந்தில் காற்று விசிலடித்தது. நடந்தால் அட்டை 'பொத் பொத்' என்றது. கீழ்வீட்டு, மூன்றாம் மாடி நெஸாகத் அம்மாள் துடைப்பக்கட்டையால் கூரையை இடித்தாள்.

"போதும்," என்றாள் பெல்கிஸ். "எல்லாத்தையும் ஓக்காவே போடுங்க. நான் தோத்தேன்."

ஜெயித்த களையே நுஸ்ரத்தின் முகத்தில் இல்லை. "பாதி தோல்வி என்னுதுன்னு வச்சுக்க. சோப்புத்தண்ணி ஊத்திக் கழுவ மாட்டேன்னு மட்டும் சொல்லு."

"பெருநாளுக்கு ஒரே ஒரு வாட்டி..."

"பெல்கிஸ்!"

"சரி, சரி. ஈரத்துணி."

வார்னிஷ் காயும்வரை சமையலறையிலேயே சாப்பிட்டு, சமையலறையிலேயே சண்டை போட்டார்கள். காய்ந்ததும் ஷுலேக்குத் திரையில் காட்டினார்கள். மகள் கண்ணெதிரிலேயே பயணச்சீட்டு எடுத்தாள். பெல்கிஸ் இந்தமுறை திரையை முத்தமிடவில்லை. குனிந்து தரையைத் தடவிக்கொடுத்தாள்.

மணி அடித்தது. கட்டிடத்துக் காவலாள் துர்சுன், வீடு வீடாகக் கொடுக்கும் மாலை ரொட்டியோடு நின்றான். சொந்த ஊருக்குப் போயிருந்தவன் அன்றுதான் திரும்பியிருந்தான்.

"செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா துர்சுன், வந்து பாரு!" நுஸ்ரத் அவன் கையைப் பிடித்து இழுத்தார். "அசல் ஓக். நாப்பது வருஷம். நாங்க போனாலும் இது இந்த இடத்தை விட்டுப் போகாது."

துர்சுன் காலுறையோடு நடு அறையில் நின்று தரையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், மறுபடி தரையைப் பார்த்தான்.

"என்னண்ணே இது, நிலநடுக்கம் வந்தா தூண் தாங்காதுன்னு அன்னிக்குத் துளை போட்ட சோதனையில வந்துடுச்சு, பெருநாள் முடிஞ்சதும் கட்டிடத்தையே இடிக்கிறாங்க, தாங்காட்டி இடிச்சுக் கட்டலாமான்னு கூட்டத்துல கேட்டப்ப முதல்ல கை தூக்கினதே நீங்கதானே?"