முத்திரையில்லாத சூரியன்

எடை அளவுத் துறை என்று ஒன்று இல்லாவிட்டால், ஒரு கிலோ என்பது கடைக்குக் கடை வேறுபடும். துறை இருக்கிற புண்ணியத்தில் எல்லாக் கடையிலும் ஒரு கிலோ ஒரே மாதிரி, அதாவது தொள்ளாயிரத்துச் சொச்சம் கிராமாக இருக்கிறது. இந்த ஒற்றுமையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்து வந்தவர் எடை ஆய்வாளர்.

வானியல் நிலையத்தின் வாசலுக்கு நேர் எதிரே ஒரு மளிகைக் கடை. ஒரு நாள் காலையில் ஆய்வாளர் அதற்குள் நுழைந்து, எடைக்கல்லைக் கையில் தூக்கிப் பார்த்து, "தேஞ்சிருக்கு" என்றார். பத்து கிராம் தேய்மானம். அபராதம் எழுதினார், தராசில் அரக்கு ஊற்றி முத்திரை வைத்தார். கடைக்காரருக்கு வயிறு எரிந்தது. பொட்டலம் மடிக்க வைத்திருந்த அன்றைய பேப்பரை எடுத்து விரித்தார்.

"பத்து கிராமுக்கு என்னைப் பிடிச்சுட்டீங்க. எதிர்ல பாருங்க சார். அந்த நட்சத்திர மேடம் எதையோ எடை போட்டிருக்காங்களாம். அறுநூறு கோடி சூரியன் எடையாம். அவங்க தராசை என்னைக்காவது எட்டிப் பார்த்திருக்கீங்களா?"

ஆய்வாளர் பேப்பரை வாங்கிப் படித்தார். 'தொலைதூரக் குவாசரில் ராட்சதக் கருந்துளை: எடையைக் கண்டுபிடித்தார் பெண் ஆய்வாளர்.' 'எடை' என்ற சொல்லைப் படித்ததும் அவருக்கு உடம்பு சூடானது. 'ஆய்வாளர்' என்ற சொல்லைப் படித்ததும் கொதித்தே விட்டது.

"இந்தச் சரகத்துக்கு ஆய்வாளர் நான்தானேய்யா!" என்றார்.

நட்சத்திர மேடம் என்பது தெரு வைத்த பெயர். மேடம் யாரையும் ஏமாற்றத் தெரியாதவர்; ஏமாற்றுகிறவர்களுக்குத் தலையாட்ட மட்டும் தெரியும். அவருடைய வேலை குவாசர்கள் என்னும் வெகுதூரத்துப் பிரகாச விண்மீன் மண்டலங்களின் நடுவில் இருக்கும் கருந்துளைகளுக்குக் கனம் கணிப்பது. கருந்துளை கண்ணுக்குத் தெரியாது. அதைச் சுற்றும் வாயு கொதித்து ஒளிரும்; அந்த வெளிச்சம் ஆயிரம் கோடி வருஷம் பயணம் செய்து இங்கே வந்து சேரும். அதைப் பிரித்துப் பார்த்தால் வாயு எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று தெரியும். எவ்வளவு பிரகாசம் என்று பார்த்தால், எவ்வளவு தள்ளி நின்று சுற்றுகிறது என்று ஊகிக்கலாம். வேகமும் தூரமும் கிடைத்துவிட்டால் நடுவில் இருப்பதன் கனம் கணக்கில் வந்துவிடும். மேடத்தின் கணக்கில் வந்தது இருநூறு கோடி சூரியன். மூன்று மடங்கு கூடவும் இருக்கலாம், மூன்றில் ஒரு பங்காகக் குறையவும் செய்யலாம் என்று அவரே நேர்மையாக அடியில் எழுதியிருந்தார்.

ஆனால் கனத்த கருந்துளை வைத்திருப்பதுதான் அப்போதைய மோஸ்தர். பக்கத்து ஊர் நிலையம் ஐந்நூறு கோடியில் ஒன்றை வைத்துக்கொண்டு வாசலில் வளைவு கட்டியிருந்தது. மேடத்தின் நிலைய இயக்குநருக்குத் தூக்கம் போயிற்று.

"இருநூறுன்னு சொன்னா யாரு மதிப்பா? அறுநூறு வரைக்கும் இருக்கலாம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க. அறுநூறுன்னு போட்டா அது பொய்யா?"

"பொய்யில்ல சார். எழுபதுன்னு போட்டாலும் பொய்யில்ல."

"அப்ப ரெண்டு உண்மையில பெரிய உண்மையைப் போடுவோம்."

மேடம் தலையாட்டினார். செய்தியறிக்கையில் மட்டும் பாடப்புத்தக முறைப்படி 'எடை' என்று எழுதாமல் 'நிறை' என்று எழுதி மனத்தைத் தேற்றிக்கொண்டார். அது 'நிறைய' என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போனது என்று நினைத்த பேப்பரின் உதவி ஆசிரியர், என்ன நிறைய என்று யாராவது கேட்பார்களே என்று பெரிய மனது பண்ணி 'எடை' என்று திருத்திவிட்டார். வினை அங்கே ஆரம்பித்தது.

அன்று மதியமே ஆய்வாளர் எடைக்கல் பெட்டியோடு மேடத்தின் அறைக்கு வந்து சேர்ந்தார். அறையில் ஒரு மேசை, ஒரு கணினி, காய்ந்துபோன காபிக் கோப்பை.

"தராசு எங்க?"

"இதுதான் சார்" என்று மேடம் கணினியைக் காட்டினார்.

ஆய்வாளர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். பின்பக்கம் குனிந்தும் பார்த்தார். "தட்டு?"

"தட்டு கிடையாது."

"தட்டில்லாத தராசு" என்று முணுமுணுத்தபடி எழுதிக்கொண்டார். "சரக்கைக் கொண்டு வாங்க."

"அது வராது சார். அதோட வெளிச்சம்தான் வரும். கிளம்பி ஆயிரம் கோடி வருஷம் ஆச்சு."

"சரக்கைப் பார்க்காமலே எடை போட்டிருக்கீங்க" என்று அதையும் எழுதினார். "எந்த எடைக்கல்லை வச்சுப் போட்டீங்க? அதையாவது காட்டுங்க."

"சூரியன்."

ஆய்வாளர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். கண்ணுக்கு மேல் கையை வைத்து மேலே பார்த்தார். கண்ணீர் வழியத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"முத்திரையே காணோமே?"

"அதுக்கு யாரு சார் முத்திரை வைக்க முடியும்?"

"சரி, அதை விடுங்க. கல்லாவது சரியா இருக்கா? தேய்மானம் உண்டா?"

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் இல்லை என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பார்கள். மேடத்துக்கு உண்மையைச் சொல்லும் வியாதி அவ்வப்போது எட்டிப் பார்க்கும். "உண்டு சார். எரிஞ்சுக்கிட்டே இருக்கறதால நொடிக்கு நாப்பது லட்சம் டன் குறையுது."

ஆய்வாளரின் கையிலிருந்து பேனா விழுந்தது.

"எதிர்க்கடைக்காரன் பத்து கிராமுக்கு அபராதம் கட்டியிருக்கான். நீங்க நொடிக்கு நாப்பது லட்சம் டன் தேயற கல்லை வச்சுக்கிட்டு அறுநூறு கோடி தடவை நிறுத்திருக்கீங்க!"

மேடம் அதற்குப் பதில் தேடுவதற்குள் அறையைப் பூட்டி அரக்கு வைத்தாகிவிட்டது. கணினி உள்ளே மாட்டிக்கொண்டது.

இதில் மேடத்துக்குப் போனது மானம் மட்டும் என்றால் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். அதே குவாசரை இன்னொரு முறை, வேறொரு நிறத்தில் பார்த்து, அந்த மூன்று மடங்கு இழுபறியைக் குறைத்து, ஒரு நல்ல எண்ணைச் சொல்லிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அறுநூறுக்குத் தலையாட்டியது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. தொலைநோக்கியில் முறை கிடைத்திருந்தது. கணக்கெல்லாம் பூட்டிய கணினியில் இருந்தது. இந்த மாதத்தை விட்டால் குவாசர் சூரியன் இருக்கும் பக்கம் ஒதுங்கிவிடும். அப்புறம் அரை வருஷத்துக்குத் தலைகாட்டாது.

இயக்குநர், "சமாளிங்க" என்றார். இயக்குநர்கள் அதற்காகத்தான் இருக்கிறார்கள்.

மேடத்தின் வீட்டுக்காரர் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவர். மாவையும் சர்க்கரையையும் கிராம் தவறாமல் நிறுக்கும் சின்னத் தராசு ஒன்று அவருக்கு உயிர். "நீ நேரா அவங்க ஆபீசுக்கே போய்ப் பேசிடும்மா" என்றார்.

மேடம் போனார். வாசலில் காவலாளி நாற்காலியில் நல்ல தூக்கத்தில் இருந்தார். ஆய்வாளர் உள்ளே விழித்திருந்தார்.

"சார், நாங்க எடை போடவே இல்ல. நிறையைத்தான் கணிச்சோம். எடை வேற, நிறை வேற. பேப்பர்ல தப்பாப் போட்டுட்டாங்க."

"நிறையா?" ஆய்வாளர் யோசித்தார். "இங்க எடைப் பிரிவு இருக்கு. அளவுப் பிரிவு இருக்கு. குறைதீர்ப் பிரிவு மாடியில இருக்கு. நிறைன்னு சொல்லிக்கிட்டு இதுவரைக்கும் ஒருத்தரும் இந்த ஆபீசுக்கு வந்ததில்ல மேடம். அதுக்குப் பிரிவும் கிடையாது."

"அப்ப முத்திரையை எப்படித்தான் எடுப்பீங்க?"

"விதி ரொம்ப எளிசு. கல்லை வருஷத்துக்கு ஒரு தடவை இங்க கொண்டு வரணும். கொண்டு வர முடியாத கல்லா இருந்தா, நாங்களே போய் அதைச் சுத்தி வந்து சோதிக்கணும்."

மேடத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சுத்தி வந்துக்கிட்டுத்தானே சார் இருக்கீங்க! வருஷத்துக்கு ஒரு தடவை, பூமியோட சேர்ந்து."

"நானா?"

"நீங்க, உங்க நாற்காலி, வாசல்ல தூங்கறாரே அவரு, எல்லாரும்தான்."

ஆய்வாளர் ஒரு வெள்ளைத் தாளை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

"ஒரு சுத்துக்கு எவ்வளவு தூரம் இருக்கும்?"

"தொண்ணூத்து நாலு கோடி கிலோமீட்டர்."

ஆய்வாளர் மெதுவாக எழுந்தார். கதவைச் சாத்தினார். திரும்பி வந்தபோது ஆளே மாறியிருந்தார்.

"மேடம், டீ சாப்பிடறீங்களா? கள ஆய்வுக்குப் போனா எங்களுக்குக் கிலோமீட்டர் கணக்குல பயணப்படி உண்டு. நான் சர்வீஸ்ல சேர்ந்த நாள்லேருந்து ஒரு வருஷம்கூட வாங்கினதில்ல. நான் சுத்தினதுக்கு நீங்க ஒரு அத்தாட்சி கொடுத்தா, உங்க கல்லை முறைப்படி சோதிச்சாச்சுன்னு நான் எழுதிடலாம். நான் சுத்தினது உண்மைதானே?"

"உண்மைதான்" என்றார் மேடம். விஞ்ஞானப்படி அதில் ஒரு பிழையும் இல்லை.

"இன்னும் ஒரே ஒரு சிக்கல். மூணு மடங்கு கூடலாம் குறையலாம்னு எழுதியிருக்கீங்க. அதுக்கு எப்படி அனுமதி தர்றது?"

"ரொம்ப தூரம் சார். அவ்வளவு தூரத்துல இருந்தா அப்படித்தான் இருக்கும்."

"அதையே உத்தரவாப் போட்டுடுவோம். நிபுணர் கருத்துன்னு நீங்க கையெழுத்துப் போடுங்க."

அடுத்த முறை போனபோது உத்தரவு தயாராக இருந்தது: 'மேற்படி நிபுணரின் கருத்தினை முழுமையாகப் பரிசீலித்ததன் பேரில், தொலைதூரப் பொருள்களைப் பொறுத்தவரை, எடையில் மூன்று மடங்கு வரையிலான ஏற்ற இறக்கம் இத்துறைக்கு ஏற்புடையதென இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுகிறது.'

மேடம் இரண்டு தடவை படித்தார். "சார், 'பொருள்'னு இருக்கு. 'வான்பொருள்'னு இருக்கணுமே."

"இருக்கணும்தான். ஆனா ஒரு எழுத்து மாத்தினாலும் கோப்பு மறுபடியும் முதல் மேசையிலேருந்து வரணும். முதல் மேசைக்காரர் லீவுல இருக்காரு. எப்ப வருவாருன்னு அவருக்கே தெரியாது."

மேடம் குவாசரை நினைத்தார். அது ஒவ்வொரு நாளும் சூரியன் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. கையெழுத்துப் போட்டார்.

அரக்கு உடைந்தது. மேடம் குவாசரைப் பார்த்தார், கணக்குப் போட்டார், இழுபறி குறைந்தது. புது எண் தொண்ணூறு கோடி. இயக்குநர் அதைத் தள்ளி நின்று பார்த்தார். "பழைய எல்லைக்குள்ளதானே வருது? அப்ப பழசே இருக்கட்டும். நம்ம வாசலுக்கும் வளைவு கட்டி அதுல அறுநூறுன்னு செதுக்கியாச்சு" என்றார். மேடம் கழுத்து வலிக்கும் அளவுக்குத் தலையாட்டிப் பழகியவர். இன்னொரு முறை ஆட்டினார்.

அதற்கப்புறம் சில வாரங்கள் கழித்து, வீட்டுக்காரர் பெரிய கேக் ஒன்றுக்குச் சர்க்கரை வேண்டும் என்றார். மேடம் எதிர்க்கடைக்குப் போனார். தராசில் இப்போது அரக்கு இல்லை. கடைக்காரர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

"வாங்க மேடம்! உங்களாலதான் இந்தக் கடையே நடக்குது."

ஒரு கிலோ கேட்டார். பொட்டலம் கைக்கு வந்தது. கை லேசாக மேலே போனது.

"என்ன இது, காத்தாட்டம் இருக்கு?"

"கப்பல்ல வந்த சர்க்கரை மேடம். எவ்வளவு தூரம்! தொலைதூரப் பொருள்." சுவரைக் காட்டினார். சட்டம் போட்டு, கண்ணாடி மாட்டி, உத்தரவு தொங்கியது. மேடத்தின் கையெழுத்துக்கு மட்டும் மஞ்சள் கோடு அடித்திருந்தது. "மூணு மடங்கு வரைக்கும் போகலாமாம். துணிக்கடை, மருந்துக்கடைன்னு எல்லாருமே மாட்டிட்டாங்க. அந்த ஆய்வாளர்கூட பயணப்படி எழுதிக் கொடுத்தாராம். சூரியனும் தொலைதூரப் பொருள்தானேன்னு கணக்கு ஆபீஸ்ல மூணுல ஒரு பங்காக் குறைச்சு, அதுக்கும் நிதி இல்லைன்னு அனுப்பிட்டாங்களாம். நேத்து இங்க வந்துதான் அழுதாரு. அவருக்கும் ஒரு கிலோ போட்டேன்."

மேடம் விடவில்லை. "இது அநியாயம். பிழைன்னா ரெண்டு பக்கமும் வரணும். ஒருத்தருக்காவது மூணு கிலோ போட்டிருக்கீங்களா?"

கடைக்காரர் கோபப்படவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினார். நிலையத்தின் புது வளைவில் 'அறுநூறு கோடி' என்பது வெயிலில் பளபளத்தது.

"நீங்க எழுபதுன்னா மேடம் செதுக்கினீங்க?"

மேடம் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வீட்டுக்காரர் அதை வாங்கித் தன் சின்னத் தராசில் வைத்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"என்னம்மா இது! முன்னூத்து முப்பது கிராம்தான் இருக்கு. ஒரு கிலோன்னு நம்பி வாங்கிட்டு வந்தியா?"

மேடம் தராசின் அருகில் வந்தார். அதைச் சுற்றி வந்து பார்த்தார். பின்பக்கம் குனிந்தும் பார்த்தார்.

"இதுல முத்திரையே காணோமே?" என்றார்.