வேணாம் அண்ணனும் என் புரொசசரும்

வந்த வேலையைத் திருப்பி அனுப்புவதற்கென்றே கடை திறந்து வைத்திருக்கும் மனிதர் இந்தத் தீவில் ஒருவர்தான். அவர் கொட்டகலை டவுனில் கம்பியூட்டர் திருத்தும் வேணாம் அண்ணன். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது தெரியுமா என்பது சந்தேகம்.

யார் எதைக் கொண்டுபோனாலும் முதல் வார்த்தை, "வேணாங்க." ஒரு முறை தோட்டத்துக் கிளார்க் ஐயா நின்றுபோன பிரிண்டரோடு வந்தார். அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இப்பதான் பஸ்ல குலுங்கி வந்திருக்கு. ரெண்டு நாள் கிடக்கட்டுங்க" என்றார். ஆச்சரியம் என்னவென்றால், மூன்றாம் நாள் அது தானாகவே ஓடியது.

லிந்துலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் நான் அப்போது உதவி ஆசிரியை. பட்டப்படிப்பின் கடைசிப் பரீட்சை ஒன்லைனில், வீட்டிலிருந்தே எழுத வேண்டும். அதில் தேறினால்தான் வேலை நிரந்தரம். என் பழைய லெப்டொப்போ, ஒரு பக்கத்தைத் திறப்பதற்குள் நான் தேங்காய் துருவி முடித்துவிடுவேன். கொழும்பிலிருந்த என் தம்பி, "புரொசசரை மாத்துக்கா, பறக்கும்" என்று சொல்லி, எதிலிருந்தோ கழற்றிய ஒன்றை அனுப்பியும் வைத்தான். பரீட்சைக்கு இரண்டு வாரம் இருந்தது.

அண்ணன் லெப்டொப்பின் அடிப்பக்கத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. "ஏற்கனவே கொதிக்குது டீச்சர். பெரிசு போட்டா இன்னும் கொதிக்கும். கழட்டுறப்ப அதுல உள்ள ஒரு ஊசி வளைஞ்சிச்சுன்னா, இருக்கிறதும் போச்சு."

"அப்ப மாத்த வேணாமா அண்ணே?"

"மாத்தாம விட்டு, பரீட்சை நடுவுல நின்னுட்டா?"

மறுநாள் போனேன். மழை, இடி இடிக்கும், வேண்டாம் என்றார். அதற்கடுத்த நாள் வெயில், கை வேர்க்கும் என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை. வகுப்பில் ஏழாம் வாய்ப்பாட்டைப் பிள்ளைகள்தான் எனக்குத் திருத்திச் சொன்னார்கள். அவரோ என்னைவிட இளைத்துப் போனார். "ராவெல்லாம் ஒங்க மெஷின் நெனப்புதான் டீச்சர்" என்றார்.

ஒன்பதாம் நாள் பொறுமை போய்விட்டது. "தெறங்கண்ணே! ஆனது ஆகட்டும்!"

சாமிப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஆணிகளைக் கழற்றினார். மூடியை எடுத்தவர் அப்படியே உறைந்து நின்றார். எனக்கு உயிரே போய்விட்டது.

"என்னாச்சுண்ணே?"

"டீச்சர்... இத மாத்தவே முடியாது. கம்பெனிக்காரன் பலகையோட சேத்து ஒட்டியே வச்சிருக்கான்!"

ஒன்பது நாள் இரண்டு பேரும் செத்துப் பிழைத்தது, நடக்கவே முடியாத ஒரு காரியத்துக்காக. முதலில் அவர்தான் சிரித்தார். நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. பிறகு உள்ளே அடைத்திருந்த தூசியைத் தட்டி, ரேம் ஒன்றைக் கூட்டிப் போட்டு, ஹார்ட் டிஸ்க்கையும் மாற்றித் தந்தார். அதற்கும் இரண்டு நாள் யோசித்தார் என்பது வேறு கதை.

பரீட்சையன்று மூன்று மணி நேரமும் லெப்டொப் ஒரு தடவைகூட முனகவில்லை. எழுதி முடித்து, காற்று வாங்கக் கதவைத் திறந்தேன். எதிரே வாசல் மதிலில் வேணாம் அண்ணன் உட்கார்ந்திருந்தார். தூறலில் முழுக்க நனைந்திருந்தார். குடையை மடியிலிருந்த பைக்கு மேல்தான் பிடித்திருந்தார். பைக்குள், துவாய் சுற்றிய அவருடைய சொந்த லெப்டொப்.

"என்னண்ணே, இங்க?"

"சும்மாதான் டீச்சர், இந்தப் பக்கம் ஒரு வேலை. எதுக்கும் இருக்கட்டும்னு ஃபுல்லா சார்ஜ் பண்ணிக் கொண்டாந்தேன். கதவத் தட்டினா நீங்க பயந்துருவீங்கன்னு..."

கொட்டகலையிலிருந்து பஸ் ஏறி, மேட்டில் நடந்து, பரீட்சை தொடங்குமுன்பே வந்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு எங்கள் தோட்டத்தில் ஒரு வேலையும் இல்லை.

இப்போது நான் நிரந்தர ஆசிரியை. கையில் புது லெப்டொப், ஒரு கோளாறும் கிடையாது. ஆனாலும் மாதம் ஒரு தடவை அதைத் தூக்கிக்கொண்டு கொட்டகலைக்குப் போய், "அண்ணே, கொஞ்சம் சுடுறமாதிரி இருக்கு, பாருங்களேன்" என்று பொய் சொல்லி அவர் முன்னால் வைக்கிறேன்.