மூங்கில்மேட்டுப் பள்ளி மின்சாரத்தை வீணடித்த கதை

ஒரு காட்டில் பதினோரு பள்ளிக்கூடங்கள் இருந்தன. அருவிக்குப் பக்கத்தில் மின்நிலையம் வந்த வருஷமே பதினோரு பள்ளிகளுக்கும் கரண்ட் கொடுத்துவிட்டார்கள். அதில் பத்துப் பள்ளிகளில் விளக்கைப் போடத் தெரிந்தவர்கள் நிறைய, அணைக்கத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. மயில் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் விடுமுறை நாளில்கூட நடன அறையின் எட்டு மின்விசிறிகளும் காலி நாற்காலிகளுக்குக் காற்று வீசிக்கொண்டிருக்கும்.

பதினோராவது மூங்கில்மேட்டுப் பள்ளி. அதன் தலைமையாசிரியை அஞ்சுகம் ஒரு முள்ளம்பன்றி. இருக்கிற நாலு குண்டு பல்பையும் ஒரு மின்விசிறியையும் மழை இருட்டிக்கொண்டு வரும் நாளில் மட்டும்தான் போடுவார். மற்ற நாளெல்லாம் ஜன்னலைத் திறந்துவிடுவார். மணி அடித்ததும் வகுப்பு வகுப்பாகப் போய் ஸ்விட்சுகளைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். மாதம் பன்னிரண்டு யூனிட்டுக்கு மேல் அந்தப் பள்ளியில் ஓடியதே இல்லை. கணக்கெடுக்க வரும் கிளி, மீட்டர் செத்துவிட்டதோ என்று ஒவ்வொரு முறையும் அலகால் இரண்டு தட்டு தட்டிப் பார்க்கும்.

இப்படி இருக்கையில் வட்டாரக் கல்வி அதிகாரியான யானையிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எல்லாப் பள்ளிகளும் இந்த வருஷ முடிவுக்குள் மின்சிக்கனத் திட்டம் ஒன்றை நிறைவேற்றிச் சான்றிதழ் வாங்க வேண்டும். பணத்துக்குக் கவலை வேண்டாம், நிதி இருக்கிறது. சான்றிதழ் இல்லாத பள்ளி மூடப்பட்டு, பக்கத்துப் பள்ளியோடு இணைக்கப்படும்.

மூங்கில்மேட்டுக்குப் பக்கத்துப் பள்ளி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஆற்றில் முதலை இருந்தது. சுற்றறிக்கை வந்த மறுநாளே முதலை கல்வி அலுவலகத்துக்கு, ‘இணைப்பை மனதார வரவேற்கிறேன். தினமும் இரண்டு வேளை குழந்தைகளை நானே நேரில் கவனித்துக்கொள்கிறேன்’ என்று கடிதம் போட்டுவிட்டது.

பெற்றோர்கள் பதறிப்போய் ஓடிவந்தார்கள். அஞ்சுகம் சிரித்தார்.

“எதுக்கு இந்தப் பதட்டம்? சிக்கனத்துக்குச் சான்றிதழ்னா முதல் சான்றிதழே நமக்குத்தான். நாளைக்கே போய் வாங்கிட்டு வந்துடறேன்.”

மறுநாள் காலையிலேயே, பள்ளிகளுக்கு இந்த விஷயத்தில் உதவுவதற்கென்று திறந்திருந்த உதவி மையத்துக்குப் போனார். வரிசையில் மூன்று மணி நேரம் நின்றார். முள் குத்தும் என்று முன்னாலும் பின்னாலும் யாரும் நெருங்கி நிற்காததால் வரிசை வழக்கத்தைவிட நீளமாகத் தெரிந்தது. கடைசியில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மாசிலாமணி என்ற தேவாங்கு உட்கார்ந்திருந்தார். பெரிய கண்கள், மெதுவான கைகள். ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு, அது சரிதானா என்று யோசித்த பிறகுதான் அடுத்த எழுத்துக்குப் போவார்.

“உக்காருங்கம்மா. பள்ளி பேரு போட்டாச்சு. மாணவர் எண்ணிக்கை போட்டாச்சு. இப்போ வீணாகிற மின்சாரம் எவ்வளவு?”

“வீணாகிறதா? ஒரு யூனிட்கூட இல்ல சார்,” என்றார் அஞ்சுகம். சொல்லும்போதே முதுகு நிமிர்ந்தது.

மாசிலாமணி பூஜ்யத்தைத் தட்டினார். திரை சிவப்பாகிவிட்டது. இன்னொரு தடவை தட்டினார். இன்னும் சிவப்பாகியது.

“பூஜ்யத்தை ஏத்துக்க மாட்டேங்குதும்மா.”

“உண்மை அதுதானே சார்?”

“உண்மைதான். ஆனா வீணாகிறதைக் குறைக்கத்தான் நிதி. உங்ககிட்ட குறைக்க ஒண்ணுமே இல்லையே! ஒரு முழு மாசத்துல ஐந்நூறு யூனிட்டாவது ஓடியிருக்கணும். அப்போதான் அடுத்த பக்கம் திறக்கும்.”

“நாங்க ஏற்கெனவே மிச்சம் பிடிச்சதுக்குச் சான்றிதழ் கிடையாதா?”

“அதுக்குப் படிவமே இல்லம்மா.”

அஞ்சுகத்துக்கு முள்ளெல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து நின்றது. பின்னால் நின்றிருந்த முயல் சத்தமில்லாமல் பத்தடி தள்ளிப் போனது. அவருக்குக் கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. இருபது வருஷம் ஜன்னல் திறந்துவிட்டவர் அவர். மயில் பள்ளிக்கு இந்நேரம் சான்றிதழ் தயாராகிக்கொண்டிருக்கும்.

மாசிலாமணி விதிப் புத்தகத்தை எடுத்தார். அதை முழுக்கப் படிக்க அவருக்கு மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. பிறகு தலை நிமிர்ந்தார்.

“அம்மா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? மிச்சம் பிடிக்கிறதுக்கு முன்னாடி வீணாக்கக் கூடாதுன்னு இதுல எங்கேயும் இல்ல.”

“அப்படின்னா?”

“ஒரு மாசம், ஒரே ஒரு மாசம், ஐந்நூறு யூனிட் வீணாக்கிடுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்.”

“அந்த பில்லை யாரு கட்டறது?”

“‘முந்தைய வீண்செலவு ஈடு’ன்னு நிதியிலேயே ஒரு தலைப்பு இருக்கும்மா. எல்லாம் யோசிச்சுத்தான் வெச்சிருக்காங்க.”

மறுவாரம் திங்கட்கிழமை, நல்ல வெயிலில், மூங்கில்மேட்டுப் பள்ளியில் நாலு பல்பும் எரிந்தன. மின்விசிறி சுழன்றது. குழந்தைகளுக்கு ஒரே குஷி. அணில் பிள்ளைகள் எரிகிற பல்பைப் பார்ப்பதற்கென்றே தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லி வராந்தாவுக்கு வந்து போயின. அஞ்சுகம் கரும்பலகைப் பக்கமே திரும்பி நின்று பாடம் நடத்தினார்.

மாதம் முடிந்தது. கிளி வந்து மீட்டரைப் பார்த்தது. தட்டவில்லை.

“அறுபத்தொண்ணு,” என்றது.

“அவ்வளவுதானா?” என்று அஞ்சுகம் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். வீணாக்குவது இவ்வளவு சிரமமான வேலை என்று அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

வருஷம் முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. மாசிலாமணி மூங்கில்மேட்டுக்கு நேரிலேயே வந்து பெற்றோர் கூட்டம் போட்டார். கூட்டத்தில் ‘வீணடிப்புக் குழு’ ஒன்று அமைக்கப்பட்டது. டீக்கடை வைத்திருந்த கரடி பரமு அதன் தலைவர்.

“என்கிட்ட ஒரு பழைய கிரைண்டர் இருக்கு. மாவு அரைக்காது, சத்தம் மட்டும்தான் போடும். அது போதுமா?” என்று கேட்டார் பரமு.

“அதுதான் வேணும்!” என்றார் மாசிலாமணி.

மான் குடும்பம் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவந்தது. காட்டெருமை ஒரு ஏர்கூலரைத் தள்ளிக்கொண்டு வந்தது. காட்டுப்பன்றி தன் பம்ப்செட்டைக் கொண்டுவந்து ஓடைத் தண்ணீரைப் பள்ளித் தொட்டிக்கு ஏற்றினார். தொட்டி நிரம்பி வழிந்த தண்ணீர் மறுபடி ஓடைக்கே போனது. அதை அவர் மறுபடி ஏற்றினார்.

கிரைண்டர் கடகடக்க, பம்ப்செட் உறும, ஏர்கூலர் வீச, நாலாம் வகுப்பு வாய்ப்பாடு சொன்னது. யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் இதைப் பார்ப்பதற்காகவே இதுவரை பள்ளிக்கு வராத ஆறு குரங்குக் குட்டிகள் புதிதாகச் சேர்ந்தன.

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம், குழந்தைகள் சாப்பிடப் போயிருந்த நேரம், மாசிலாமணி வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்தார். பல்புகள் அணைந்திருந்தன. விசிறி நின்றிருந்தது. கிரைண்டரும் ஓய்ந்திருந்தது. அஞ்சுகம் அதன் ஸ்விட்சில் கையை வைத்தபடி நின்றிருந்தார்.

“என்னம்மா இது?”

“மன்னிச்சுக்கங்க சார். தெரிஞ்சு செய்யல. இருபது வருஷமா இந்தக் கை அணைச்சு அணைச்சே பழகிப்போச்சு. ஆளில்லாத ரூம்ல விளக்கு எரிஞ்சா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது.” கையை ஸ்விட்சிலிருந்து எடுத்தார். “பிள்ளைங்களுக்கு நானே சொல்லிக் குடுத்தேன். இப்போ நானே மாத்திச் சொல்லிக் குடுக்கறேன்.”

மாசிலாமணி மெதுவாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

“நான் காடு காடா மாத்தலாகி இந்த வேலை பார்த்து ஏழு வருஷம் ஆச்சும்மா. பள்ளிக்கு உதவி பண்றதுதான் என் வேலை. ஒழுங்கா நடத்தற ஒரு பள்ளிக்குக்கூட இதுவரைக்கும் என்னால நிதி வாங்கிக் குடுக்க முடியல. அவங்க எல்லாரும் அந்தப் பூஜ்யத்துல வந்து நின்னுடுவாங்க. நியாயமா பேசிட்டு எழுந்து போயிடுவாங்க. அவங்க பள்ளியெல்லாம் இப்போ இல்ல.”

அஞ்சுகம் திரும்பி வெளியே பார்த்தார். ஜன்னல் வழியே ஆறு தெரிந்தது. கரையில் ஏதோ ஒரு மரக்கட்டை கிடந்தது. பிறகு அந்த மரக்கட்டை கொட்டாவி விட்டது.

அவர் கிரைண்டரைப் போட்டார். விசிறியைப் போட்டார். நாலு பல்பையும் போட்டார். போகிற போக்கில் இஸ்திரிப் பெட்டியையும் உச்ச சூட்டுக்குத் திருகிவிட்டார்.

“இனிமே அணைக்க மாட்டேன் சார்,” என்றார்.

மாதக் கடைசியில் கிளி கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தது. ஐந்நூற்றுப் பன்னிரண்டு!

மறுநாளே ஆய்வுக்கு நாரை வந்தது. உள்ளே நுழைந்ததும் ஏர்கூலர் காற்றில் அதன் நீண்ட கால்கள் நடுங்க ஆரம்பித்தன. பட்டப்பகலில் எரியும் பல்புகளைப் பார்த்தது. காலியாகச் சுற்றும் கிரைண்டருக்குள் எட்டிப் பார்த்தது. ஓடையிலிருந்து ஓடைக்குப் போகும் தண்ணீரை நெடுநேரம் பார்த்தது.

“என் சர்வீஸ்ல இவ்வளவு மோசமான ஒரு பள்ளியைப் பார்த்ததே இல்லை!” என்றது.

பெற்றோர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். பரமு எல்லாருக்கும் இலவசமாக டீ கொடுத்தார். இருபது வருஷப் பெருமையை ஒரே வாக்கியத்தில் இழந்த அஞ்சுகமும் ஒரு டீ வாங்கிக் குடித்தார். ஆச்சரியமாக, இனிப்பாகவே இருந்தது.

நிதி வந்தது. குண்டு பல்புகளுக்குப் பதில் எல்.இ.டி. பல்புகள் மாட்டினார்கள். கொஞ்சமாகக் கரண்ட் குடிக்கும் புது மின்விசிறி ஒன்று வந்தது. மீதியில் இன்னும் இரண்டு பெரிய ஜன்னல்கள் வைத்து, ஒழுகிய கூரையையும் சரிசெய்தார்கள். கிரைண்டரும் மற்றவையும் அவரவர் வீட்டுக்குப் போயின. திட்ட அறிக்கையில் ‘நவீனத் தொழில்நுட்பம்’ என்ற இடத்தில் மாசிலாமணி யோசித்து யோசித்து எழுதினார்: ‘ஆள் இல்லாதபோது ஸ்விட்சை அணைத்தல்.’

அடுத்த மாதம் ஒன்பது யூனிட். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மிச்சம். காட்டின் சரித்திரத்திலேயே இப்படி ஒரு சாதனை இல்லை என்று யானை தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறியது. சான்றிதழ் வந்தது, கூடவே கேடயம். முதலை உடம்பு சரியில்லை என்று ஒரு வாரம் தண்ணீருக்குள்ளேயே கிடந்ததாகக் கேள்வி.

கேடயம் கொடுக்கும் விழாவில், சாதனையின் ரகசியத்தைச் சொல்லும்படி அஞ்சுகத்தை மேடைக்கு அழைத்தார்கள். எதிரே பத்துத் தலைமையாசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கீழே வரிசையில் இருந்த மாசிலாமணி கையால் முகத்தை மூடிக்கொண்டார். அஞ்சுகம் தொண்டையைச் செருமிக்கொண்டு, பூஜ்யம், கிரைண்டர், பம்ப்செட் என்று நடந்ததை நடந்தபடியே சொல்லி முடித்தார். இதைக் கேட்டால் யானை வெட்கப்படும், விதியைத் திருத்தும் என்பது அவர் எண்ணம்.

பிறகு மயில் மெதுவாகக் கை தூக்கியது.

“அந்த கிரைண்டர் எத்தனை லிட்டர் டீச்சர்?”

எல்லாரும் நோட்டை எடுத்தார்கள்.

பத்து நாளில் காட்டில் பழைய கிரைண்டருக்குப் பஞ்சம் வந்துவிட்டது. சுமாராக வீணாக்கிக்கொண்டிருந்த பள்ளிகளெல்லாம் அடுத்த கேடயத்துக்காக முழுமூச்சாக இறங்கின. அருவி மின்நிலையத்தில் இரண்டு முறை ஃபியூஸ் போனது. உதவி மையத்து வரிசை ஆலமரத்தைத் தாண்டியது. சிக்கனத்தில் ஆர்வம் இதுவரை காணாத அளவுக்குப் பெருகியிருக்கிறது என்று யானை மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பியது.

வேலை முடிந்து ஒரு சாயங்காலம் மாசிலாமணி மூங்கில்மேட்டுக்கு வந்தார்.

“விதியை மாத்துவாங்கன்னுதான் சார் அன்னிக்கு அவ்வளவும் சொன்னேன்,” என்றார் அஞ்சுகம்.

“மாத்திட்டாங்களேம்மா! இன்னிக்குத்தான் ஆர்டர் வந்துச்சு.”

“நிஜமாவா?”

“ஆமா. போட்டி அதிகமாயிடுச்சாம். ஐந்நூறு யூனிட்டை ஆயிரமா ஆக்கிட்டாங்க.”

அஞ்சுகம் அவரையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். முட்களெல்லாம் ஒன்றோடொன்று உரசிக் கலகலவென்று சத்தம் போட, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார். மாசிலாமணிக்குச் சிரிப்பு வர வழக்கம்போல் கொஞ்ச நேரமானது. வந்த பிறகு அது நிற்கவும் நேரமானது.

நீதி: நல்லவருக்குச் சான்றிதழ் கிடையாது, திருந்தியவருக்குத்தான் உண்டு. ஆகையால் குழந்தைகளே, காலாகாலத்தில் கெட்டுப்போய், மறக்காமல் அதற்கு ஒரு ரசீதும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.