சுவரைப் பார்த்த முனை

ஊரில் அவருக்கு மருந்துக்காரர் என்று பெயர். மருந்து மனிதர்களுக்கு அல்ல, மரங்களுக்கு. பலகைகளைத் தொட்டியில் அடைத்துக் கரையான் மருந்தை அழுத்தி ஏற்றும் பட்டறையில் இருபத்திரண்டு வருட மேற்பார்வையாளர். "என் கை பட்ட பலகையைக் கரையான் மோந்துகூடப் பார்க்காது" என்று சொல்லும்போது முகத்தில் நீதிபதிக் களை வந்துவிடும்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு காலையில் தன் அறையில், தன் கையாலேயே செய்த அலமாரியிலிருந்து அகராதியை உருவினார். மேல்பாதி கையோடு வந்தது. கீழ்ப்பாதி மண்ணாக உதிர்ந்தது.

பலகையைத் தட்டினார். வெற்று டப்பா போல ஒலித்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

காரணம் தெரியாமல் இல்லை. மருந்து பலகையின் மேல்புறத்தில் விரற்கடை ஆழம்தான் இறங்கும். அறுத்தால் உள்ளே மருந்து ஏறாத வெறும் மரம். அறுத்த முனைக்கு மறுபடி மருந்து பூச வேண்டும் என்று பட்டறைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் மூன்று தடவை சொல்வார். தன் அலமாரிப் பலகை இரண்டு அங்குலம் கூடுதலாக இருந்தபோது அறுத்தார், பூசவில்லை. சுவரைப் பார்த்த முனைதானே, யார் பார்க்கப் போகிறார்கள்? கரையான் சுவர் வழியாகத்தான் வந்திருந்தது.

யானைக்கும் அடி சறுக்கும் என்று தேற்றிக்கொண்டார். ஆனால் எந்த யானையும் பந்தயம் கட்டிவிட்டுச் சறுக்குவதில்லை. அலமாரி முடிந்த அன்றைக்கே மனைவி கேட்டிருந்தாள்.

"இதுல கரையான் வந்துட்டா?"

"வந்தா இந்த ரூம் உனக்கு. போதுமா?"

"போதும்."

அவள் துணி தைப்பவள். பத்து வருடமாகச் சமையலறையில், அடுப்புக்கும் கதவுக்கும் நடுவே மெஷினைப் போட்டுக்கொண்டு தைக்கிறாள். அவருக்கோ கதவைச் சாத்திக்கொண்டு உட்கார உலகத்திலேயே இந்த ஓர் அறைதான். அவளுக்குத் தெரிவதற்குள் பலகையை மாற்றிவிடத் தீர்மானித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மெல்ல ஆரம்பித்தார்.

"உங்க அக்காவைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு! போய் இருந்துட்டு வாயேன்."

"என்னங்க, திடீர்னு எங்க அக்கா மேல பாசம்?"

"கூடப் பொறந்தவங்களாச்சே!"

"உங்களுக்கில்லையே."

"போயேன்னா..."

"சரி. சாயங்காலம்தான் வருவேன்."

அவள் தலை மறைந்ததும் வேலையில் இறங்கினார். எழுநூறு புத்தகங்கள், மேஜை, நாற்காலி, கட்டில் எல்லாம் கூடத்துக்குப் போயின. அரித்த பலகையைக் கழற்றி எறிந்தார். தரையைப் பெருக்கினார். பதினொரு மணிக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு மருந்து டின்னைத் திறக்கப் போனபோது வாசலில் நிழல் விழுந்தது. கையில் அளவு நாடாவோடு அவள்.

"அடடா, சொன்ன வாக்கைக் காப்பாத்திட்டீங்களே! பெருக்கிக்கூட வச்சிருக்கீங்க!"

"இல்ல... வெள்ளையடிக்கலாம்னு..."

"கரையானுக்கா?"

அவர் டின்னைக் கீழே வைத்தார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஒரு மாசமா அலமாரிக்கு அடியில உதிர்ற மண்ணைக் கூட்டித் தள்றது யாருன்னு நினைச்சீங்க?"

"மருந்து ஏத்தின மரம்மா அது..." மானம் போகிற நேரத்திலும் அவருடைய தொழில் வாயைத் திறந்தது.

"அறுத்த முனைக்குப் பூசலையே! அன்னைக்குப் பலகையோட இன்னொரு பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னது யாரு? அதைப் பார்த்துட்டுத்தான் கரையான் வந்துட்டான்னு அன்னைக்கே கேட்டேன்."

அவள் முழங்கையில் அடுப்பு சுட்ட பழைய தழும்பு கண்ணில் பட்டது. இந்தப் பத்து வருடத்தில் அந்த மூலையில் தான் ஒரு நிமிஷம்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை என்று நினைக்க வெட்கமாக இருந்தது. இருந்தாலும் மனசு ஆறவில்லை.

"தோத்துட்டேன், ஒத்துக்கறேன். தெரிஞ்ச அன்னைக்கே ரூமைக் கேட்டிருக்கலாமே? ஒரு மாசம் ஏன் வாயைத் திறக்கலை?"

அவள் திரும்பவில்லை. ஜன்னலுக்குக் கீழே நாடாவை நீட்டி, மெஷினுக்கு இடம் அளந்துகொண்டே சொன்னாள்:

"இத்தனை புஸ்தகத்தையும் யாருங்க வெளியே தூக்கறது?"