கிளாரினெட் துரைராசுவின் திதி

மைக் திறந்தாயிற்று என்று சிவப்பு விளக்கு எரியத் தொடங்கிவிட்டது. கிளாட்சனின் கையில் அன்றைக்குப் பிறந்த வித்வான் யாரும் இல்லை. செத்தவர்கூட இல்லை.

மயிலாடுதுறையில் ஒரு கல்லூரி நடத்தும் சின்ன வானொலி நிலையம் அது. காலையில் 'இசையில் இந்த நாள்' என்று ஐந்து நிமிடம் பேசுவது கிளாட்சனின் வேலை. இதே தேதியில் எந்த வித்வான் பிறந்தார், எந்தப் பாடகி முதல் கச்சேரி செய்தார், யார் எப்போது கண்ணை மூடினார் என்றெல்லாம் சொல்ல வேண்டும். வயலுக்கு மடை திறக்கப் போகிறவர்களிலிருந்து டீக்கடையில் பேப்பருக்குக் காத்திருப்பவர்கள் வரை அதைக் கேட்டார்கள். கேட்டதோடு விடாமல் நாள் முழுக்க அதைப் பற்றி வாதாடவும் செய்தார்கள்.

விவரங்களை அவன் முதல் நாள் ராத்திரியே இன்டர்நெட்டில் தேடி எடுத்து வைத்துக்கொள்வான். நேற்று ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதில் கரண்டும் போயிற்று, இன்டர்நெட்டும் போயிற்று. விடிவதற்குள் வந்துவிடும் என்று நிம்மதியாகத் தூங்கினான். கரண்டு மட்டும்தான் வந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நிலையத் தலைவி அனிட்டா, ஆரம்பி என்று கையைச் சுழற்றினாள். வயதில் இவனைவிடச் சின்னவள், கண்டிப்பில் பெரியவள். அவளுக்கு இரண்டே சட்டம். மைக் திறந்திருக்கும்போது மௌனம் கூடாது. தப்பான செய்தி சொன்னவர் மறுநாள் வரக்கூடாது. கிளாட்சனுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர், உயிரோடு இருந்த ஒரு பாடகருக்கு உருக்கமாக அஞ்சலி செலுத்தி வீட்டுக்குப் போனவர்.

"நேயர்களுக்கு வணக்கம். இன்று நவம்பர் ஒன்பது" என்றான் கிளாட்சன். அதற்கு மேல் நாக்கு அதுவாகப் பேசியது. "இந்த நாளில்தான் வானகிரி துரைராசு பிறந்தார். கிளாரினெட் மேதை."

பிறந்து எத்தனை வருஷம் என்று சொல்ல வேண்டுமே. நூறு என்றால் சந்தேகப்படுவார்கள் என்று பட்டது. தொண்ணூற்றொன்பது என்றான். கிளாரினெட் இசைத்தட்டு ஒன்றைச் சுழலவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

வேறு ஜில்லாவாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். காவிரித் தண்ணீர் குடிக்கிற ஊர்களில் ஒருவர் எதை வேண்டுமானாலும் தெரியாது என்பார்; ஒரு வித்வானைக் கேட்டதில்லை என்று மட்டும் சொல்ல மாட்டார். சொன்னால் அப்புறம் நாலு பேர் முன்னால் தலையாட்டித் தாளம் போட முடியாது.

பாட்டு முடிவதற்குள் முதல் போன் வந்துவிட்டது. சங்கீத சபாத் தலைவர் மாயூரநாதன், ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர். "தம்பி, எல்லாம் சரியாச் சொன்னீங்க. அவரு இடது கைக்காரருங்கறதை விட்டுட்டீங்களே" என்றார்.

கிளாட்சன் ரிசீவரை இன்னும் காதோடு ஒட்டிக்கொண்டான். "நீங்க கேட்டிருக்கீங்களா சார்?"

"என்ன இப்படிக் கேக்குறீங்க? மூணு தடவை. மூணாவது தடவை அழுதுட்டேன்."

அடுத்தது ஜவுளிக்கடை லியாகத் அலி. அவர் வாப்பாவின் கல்யாணத்துக்குத் துரைராசுதான் வாசித்தாராம். தொண்ணூற்றொன்பது வயசுப் பெரியவரை நேரில் போய்ப் பார்த்துச் சால்வை போர்த்தியே ஆக வேண்டும், விலாசம் கொடுங்கள் என்று நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் பலர் விலாசம் கேட்டார்கள். அனிட்டாவுக்கு ஒரே சந்தோஷம். நிலையம் தொடங்கியதிலிருந்து இத்தனை போன் வந்ததில்லை.

வீட்டுக்குப் போய் மனைவி எல்சியிடம் நடந்ததைச் சொன்னான். அவள் இட்லித் தட்டை அப்படியே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"சிரிக்காத. விலாசம் கேக்குறாங்க. என்ன செய்யறது?"

"உண்மையைச் சொல்லிடுங்க."

"வேலை போயிடும்."

"அப்ப உங்க இஷ்டம்" என்று அவள் சட்னி அரைக்கப் போய்விட்டாள்.

சட்னி அரைபடும் நேரத்துக்குள் கிளாட்சன் துரைராசுவைக் கொன்றுவிடத் தீர்மானித்தான். செத்தவருக்குச் சால்வை போர்த்த முடியாது. எந்தத் தேதியில் கொல்வது என்பதையும் சாமர்த்தியமாக யோசித்தான். இனிமேல் வரப்போகும் தேதி என்றால் அஞ்சலி அது இது என்று கிளம்புவார்கள். முடிந்துபோன தேதியாக இருந்தால் ஒரு வருஷம் அவகாசம். அதற்குள் ஜனங்கள் மறந்துவிடுவார்கள்.

மறுநாள் காலை வருத்தமான குரலில் அறிவித்தான். நேற்று நேரமின்மையால் சொல்ல முடியவில்லை. பல வருஷங்களுக்கு முன்பே துரைராசு நவம்பர் ஐந்தாம் தேதி காலமாகிவிட்டார் என்று, வாய்க்கு வந்த ஒரு வருஷத்தையும் சொன்னான். வீட்டைப் பார்க்கக் கிளம்பிவிடப் போகிறார்களே என்று, அவர் குடியிருந்த குப்பத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது என்றும் சேர்த்துக்கொண்டான். சொந்தக்காரர்களைத் தேடுவார்களே என்று அவரைக் கல்யாணம் ஆகாத தனிக்கட்டையாக்கினான். படம் கேட்பார்களே என்று கேமராவைக் கண்டாலே ஆகாதவர் என்றான். எல்லாக் கதவையும் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது என்று நினைத்தான்.

மாயூரநாதன் இந்த முறை நேரிலேயே வந்துவிட்டார், கையில் பஞ்சாங்கத்தோடு.

"தேதியை யாரு பாப்பாங்க தம்பி? வித்வானுக்குத் திதிதானே. நீங்க சொன்ன வருஷத்தை வெச்சுக் கணக்குப் பாத்தேன். வர்ற ஞாயித்துக்கிழமை விழுது."

கிளாட்சன் தரங்கம்பாடிப் பக்கத்து லுத்தரன் குடும்பத்துப் பிள்ளை. அவன் வீட்டில் இறந்தவர்களுக்குத் தேதிதான். அது காலண்டரில் போட்ட இடத்தில் அசையாமல் கிடக்கும். திதி என்பது ஊர்ந்துகொண்டே இருக்கும் என்பது அவனுக்குத் தெரியாததல்ல. கொல்லும் அவசரத்தில் ஞாபகம் வரவில்லை.

"பொறந்த நூறாவது வருஷமும் இப்பத்தான் தொடங்குது, திதியும் வருது. ரெண்டையும் சேத்துப் பெரிசா நடத்திடலாம். மண்டபம் பேசியாச்சு. நீங்கதான் முக்கியப் பேச்சாளர்" என்றார் மாயூரநாதன். கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிரம்மச்சாரின்னு சொன்னீங்க பாருங்க, அது நூத்துக்கு நூறு. என்கிட்ட அவரே சொல்லியிருக்காரு" என்று முடித்தார்.

அன்று எல்சி சிரிக்கவில்லை. "உசிரோட இருந்தவரைச் செத்துட்டாருன்னு சொன்ன ஆளுக்கே வேலை போச்சு. நீங்க பொறக்காத மனுஷனைச் சாகடிச்சிருக்கீங்க. மேடையில ஏறி ஒத்துக்கிட்டுடுங்க. வேலை போனாப் போகட்டும். நாளைக்கு நம்ம பேரைச் சொன்னா ஊரு நம்பணும்ல?"

வேலையைவிட அதுதான் அவனைக் குத்தியது. சங்கீத விஷயமா, கிளாட்சன் சொன்னால் சரியாக இருக்கும் என்று இந்தப் பக்கம் பூராவும் பேச்சு. எந்தக் கச்சேரி எந்த வருஷம் என்று பந்தயம் கட்டித் தகராறு வந்தால் நிலையத்துக்குப் போன் போட்டு இவனைத்தான் கேட்பார்கள். அந்தப் பேரை ஒரு மழை ராத்திரியில் தொலைத்துவிட்டான். ஒத்துக்கொள்வது என்று முடிவு செய்தான்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் உட்கார இடமில்லை. படம் இல்லாததால் பேனரில் ஒரு நாற்காலியையும் அதன்மேல் ஒரு கிளாரினெட்டையும் அச்சடித்திருந்தார்கள். மேடையிலும் அதேபோல ஒரு நாற்காலி. கல்யாண பேண்டுக்காரரிடம் கேட்டு வாங்கிய கிளாரினெட் அதில் மாலை போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தது. லியாகத் அலி அந்த நாற்காலிக்கே சால்வை போர்த்திக் கண்கலங்கினார். மாயூரநாதன், துரைராசு தோடி வாசித்த அழகை அரைமணி நேரம் வர்ணித்தார். அதைக் கேட்டுப் பக்கத்தில் இருந்தவர், அன்றைக்கு வாசித்தது தோடி இல்லை, கல்யாணி என்று சண்டைக்கு வந்தார். முதல் வரிசையில் அனிட்டா எல்லாவற்றையும் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தாள்.

கிளாட்சன் மைக் முன்னால் நின்றான்.

"பெரியவங்க எல்லாரும் மன்னிக்கணும். துரைராசு அய்யாவைப் பத்தி நான் ரேடியோவுல சொன்னதுல ஒரு பெரிய பொய் இருக்கு. அதை இன்னைக்கு இந்த மேடையில..."

"தம்பி, நீங்க உக்காருங்க. அதை நான் சொல்றேன்."

நடு வரிசையில் ஒரு அம்மாள் எழுந்து நின்றார். எண்பதைத் தொடும் வயது. வெளுத்த சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் மஞ்சள் பை. கூட்டம் திரும்பியது.

"என் பேரு அமலோற்பவம். பொறையாறு. தம்பி மேல தப்பில்ல, அவருக்கு யாரு சொல்லியிருப்பா? துரைராசுக்குக் கல்யாணம் ஆகலைன்னு சொன்னாருல்ல, அதான் பொய். நான்தான் அவரு சம்சாரம். வேற மதம், ரெண்டு வீட்லயும் ஒத்துக்கலை. அதனால வெளியில சொல்லிக்கலை."

கிளாட்சன் மாயூரநாதனைப் பார்த்தான். அவர் ஒரு கணம்தான் திகைத்தார்.

"அம்மாவைத் தெரியாதா எனக்கு?" என்றார் அவர். "இவங்க கையால எத்தனை தடவை காபி குடிச்சிருக்கேன். ரகசியமா வெச்சுக்கன்னு அவரு சொன்னதால இத்தனை நாளும் வாயைத் திறக்கலை."

அமலோற்பவத்தை மேடைக்கு அழைத்து வந்து, நாற்காலியில் கிடந்த சால்வையை எடுத்து அவருக்கே போர்த்தினார்கள். அவர் நிதானமாகப் பேசினார். துரைராசு காலையில் எழுந்ததும் கிளாரினெட்டில் ஊதுகிற நாணல் நாக்கைத் தண்ணீரில் நனைத்து வைப்பாராம். கத்தரிக்காய் சாப்பிட்டால் ராகம் வழுக்கும் என்று தொடமாட்டாராம். ரொம்பச் சாது. "அவரு வீட்ல இருக்கிறதே தெரியாது" என்றார். பெண்கள் பக்கத்தில் மூக்கை உறிஞ்சினார்கள். எல்சியின் கண்கூடக் கலங்கிற்று.

கேட்கக் கேட்கக் கிளாட்சனின் நெஞ்சில் ஏறியிருந்த பாறாங்கல் மெல்ல உருளத் தொடங்கியது. ஒரு பெயர் சும்மா நாக்கில் வந்து உட்காருமா? சின்ன வயதில் எங்கேயோ, அப்பா தோளில் உட்கார்ந்துகொண்டு ஏதோ ஒரு கல்யாணத்தில் அந்தப் பெயரைக் கேட்டிருக்க வேண்டும். மனசு பத்திரமாக வைத்திருந்து ஆபத்து நேரத்தில் எடுத்துக் கொடுத்திருக்கிறது. துரைராசு இருந்திருக்கிறார். தேதி வேண்டுமானால் முன்னே பின்னே இருக்கலாம். அனிட்டா வந்து, இனி வாரம் ஒரு நாள் இதேபோல மறக்கப்பட்ட வித்வான் ஒருவரைக் கண்டுபிடித்துத் தர வேண்டும் என்று கைகொடுத்துவிட்டுப் போனாள்.

சாப்பாட்டுப் பந்தியில் அமலோற்பவத்தை நல்ல இடமாகப் பார்த்து உட்கார வைத்திருந்தார்கள். இலைக்கு எதிரில் நின்று ஆளாளுக்கு உபசரித்தார்கள். கூட்டம் கொஞ்சம் விலகியதும் கிளாட்சன் அவர் பக்கத்தில் போய்க் குந்தினான்.

"அம்மா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அவரை நானா இட்டுக்கட்டிட்டேன்னு நெனச்சு ஒரு வாரமா செத்துப் பொழைச்சுக்கிட்டிருந்தேன். நீங்க வந்து அவரு நெசம்னு சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது."

அமலோற்பவம் ரசத்தைச் சோற்றில் பிசைந்துகொண்டே அவனை இரக்கத்தோடு பார்த்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இலைகள் காலியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க தம்பி. நெசமாவே இருந்த ஒரு மனுஷனோட காலம் பூரா குடும்பம் நடத்திப் பாத்துட்டேன். நீங்க சொன்ன இவரு ஒருத்தருதான், ரசத்துல உப்பு இல்லைன்னு ஒரு நாள்கூடத் தட்டைத் தள்ளிவிடாதவரு."