வடிவாம்பாளின் ஆறு சட்டைகள்

ஒரு காட்டில் சிங்கம் ஒன்று இருந்தது. அதற்கும் இந்தக் கதைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. காட்டுக் கதையில் சிங்கத்தைச் சொல்லாவிட்டால் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள், அதற்காகச் சொன்னேன். நம் கதை அதே காட்டில் ஒரு புற்றுக்குள் குடியிருந்த வடிவாம்பாள் என்ற சாரைப்பாம்பைப் பற்றியது.

வடிவாம்பாள் நிறைசூல். பத்து நாளில் முட்டையிட்டாக வேண்டும். மழையும் பத்து நாளில் இறங்கிவிடும் போலிருந்தது. புற்றிலோ இடமில்லை. அது உரித்துப்போட்ட ஆறு சட்டைகள் உள்ளே அடைத்துக்கொண்டு கிடந்தன. வெளியே வீசலாம் என்றால் அந்தப் பக்கம் ஒரு கீரியின் நடமாட்டம். வாசலில் பாம்புச் சட்டையைப் போடுவதும், கீரிக்கு முகவரி எழுதிக் கொடுப்பதும் ஒன்றுதான்.

புற்றுக்கு மேலே இருந்த நாவல் மரப்பொந்தில் பவுனு என்ற மைனா நான்கு முட்டை இட்டிருந்தது. மைனாக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முட்டையைச் சுற்றிப் பாம்புச் சட்டையை வைத்துவிடும். முட்டை திருட வரும் அணில் அதைப் பார்த்து அலறி ஓடும். ஆக, மேலே இருப்பதற்குச் சட்டை வேண்டும். கீழே இருப்பதற்கு அது போய்த் தொலைந்தால் போதும். கூப்பிட்டுக் கொடுத்தால் முடிந்தது. ஆனால் பாம்பு கூப்பிட்டு எந்த மைனா இறங்கி வரும்?

அதனால் வடிவாம்பாள் 'காட்டேலம்' என்ற செயலியில் கணக்குத் தொடங்கப் போனது. அந்தக் காட்டில் ஒன்றையொன்று தின்னும் பிராணிகள்கூட அதில் நிம்மதியாக ஏலம் போட்டு வாங்கி விற்றுக்கொண்டிருந்தன.

முதல் பக்கத்திலேயே கேள்வி: 'முன் வலது காலின் ரேகையைப் பதியவும். இது கட்டாயம்.'

வடிவாம்பாள் உதவி மையத்தை அழைத்தது. அங்கே ஒரு கிளி.

"எனக்குக் காலே இல்லீங்களே?"

"உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் மேடம். வலது கால் இல்லாதவங்க இடது காலைப் பதியலாம்."

வேறு வழியில்லாமல் வடிவாம்பாள் ஒரு தவளையைப் பிடித்தது. ரேகை வைத்தால் தின்ன மாட்டேன் என்று சத்தியம் செய்தது. சத்தியம் ஓ.டி.பி. வரும்வரை காப்பாற்றப்பட்டது.

'அருமையான பாம்புச் சட்டை' என்று முதல் விளம்பரத்தைப் போட்டது. ஒரு மணி நேரத்தில் நீக்கிவிட்டார்கள். தலைப்பில் 'பாம்பு' இருக்கிறதாம், வாடிக்கையாளர் பயப்படுவார்களாம். சரி என்று 'நீளமான மெல்லிய பொருள்' என்று மாற்றிப் போட்டது. என்ன பொருள் என்று விளங்கவில்லை எனத் தூக்கினார்கள். விளக்கி எழுதினால், படத்தின் ஓரத்தில் விற்பவரின் வால் தெரிகிறது என்றார்கள். வாலைச் சுருட்டி வயிற்றுக்கடியில் வைத்து மறுபடி படமெடுத்தது. சூல்கொண்ட வயிறோடு அது செய்து பாருங்கள், தெரியும். கடைசியில் வந்தது பெரிய தடை: 'வனவிலங்குத் தோல் விற்பனைக்கு அனுமதி இல்லை.'

மறுபடியும் கிளி.

"யாரோட தோல் மேடம்?"

"என்னோடதுதாங்க. நானே உரிச்சது."

"தோலுக்குச் சொந்தமான விலங்கு, ஆட்சேபணை இல்லைன்னு கடிதம் தரணும்."

"அந்த விலங்கே நான்தானே? இப்பவே தர்றேன்."

"விற்கிறவரும் விலங்கும் ஒரே கணக்குல இருக்கக் கூடாது மேடம். விலங்கு தனியா ஒரு கணக்கு தொடங்கணும்."

"அதுக்கும் கால் ரேகையா?"

"கட்டாயம் மேடம்."

சுற்றுவட்டாரத் தவளைகளெல்லாம் விஷயம் தெரிந்து காலி செய்துகொண்டு போயிருந்தன. இதைச் சொல்லும்போதே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. வடிவாம்பாளுக்குக் குளிர்ந்த ரத்தம், அதனால் கொதிக்க முடியாமல் அழுதது. ஆறு நாள் போய்விட்டது.

ஏழாம் நாள், செயலியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. 'அசல் பாம்புச் சட்டை. வீட்டு அலங்காரம். விற்பவர்: கோதண்டம்.' கோதண்டம் ஓர் அணில். வாழைநாரைப் பின்னி, மேலே புளியைத் தேய்த்து, பாம்புச் சட்டை என்று மைனாக்களுக்கு விற்றுக்கொண்டிருந்தது. விற்ற மறுநாள் அதே முகவரிக்குப் போய் முட்டைகளைத் தின்றுவிட்டு வரும். எந்தப் பொந்தில் இருப்பது வெறும் நார் என்று அதைவிட யாருக்குத் தெரியும்? அதன் பெயருக்குப் பக்கத்தில் 'நம்பகமான விற்பனையாளர்' என்று தங்க முத்திரை வேறு.

"இது அநியாயங்க! அது போலி!" என்று வடிவாம்பாள் சீறியது.

"ஆமாம் மேடம், போலிங்கறதாலதான் அனுமதிச்சிருக்கோம்" என்றது கிளி. "உண்மையான தோலுக்குத்தான் தடை."

வடிவாம்பாள் அழைப்பைத் துண்டித்தது. பிறகு எழுதியது: 'போலிப் பாம்புச் சட்டை. ஆறு உருப்படி.' மூன்றே நிமிஷத்தில் விளம்பரம் ஏறியது.

பவுனுதான் முதலில் ஏலம் கேட்டது. போன தடவை முட்டையிட்டபோது கோதண்டத்திடம் 'அசல்' வாங்கி, நான்கு முட்டையையும் பறிகொடுத்த மைனா அது. "அவன் அசல்னு சொல்லி ஏமாத்தினான். இவ போலின்னு உண்மையைச் சொல்றா பாரு" என்று மற்ற மைனாக்களிடமும் சொல்லியது. அன்று சாயங்காலமே ஆறும் விற்றுப்போயின. டெலிவரிக் குரங்கு வந்து அள்ளிக்கொண்டு போனது. வடிவாம்பாள் இரண்டு வருஷத்துக்குப் பிறகு புற்றுக்குள் நீட்டிப் படுத்தது.

மறுநாள் காலையில் புகார் வந்துவிட்டது. 'போலி என்று சொல்லிவிட்டு இப்படியா? பாம்பு வாடை குப்பென்று அடிக்கிறது. உள்ளே உட்காரவே பயமாக இருக்கிறது. திருப்பி அனுப்புகிறேன். இப்படிக்கு, பவுனு.'

ஒன்று திரும்பினால் ஆறும் திரும்பும் என்பது விதி. விற்றவர் நேரில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இன்னொரு விதி. வானம் கருத்திருந்தது. வடிவாம்பாள் கனத்த வயிற்றை இழுத்துக்கொண்டு நாவல் மரத்தில் ஏறியது.

"ஐயோ, பாம்பு! பாம்பு!" என்று பவுனு உச்சிக் கிளைக்குப் பறந்தது.

"பயப்படாதீங்க. காட்டேலத்துல இருந்து வர்றேன். ரிட்டர்ன்."

"அட, நீங்கதானா? வாங்க வாங்க. உள்ளதான் இருக்கு, எடுத்துக்குங்க."

வடிவாம்பாள் பொந்துக்குள் நுழைந்தது. எதிரே நான்கு நீல முட்டைகள். விற்பவர் வாங்குபவரின் முட்டையைத் தின்னலாமா என்று விதிமுறைகளில் தேடியது. எண்பத்திரண்டு பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஆனால் தின்றால் ஒரு ஸ்டார்தான் கிடைக்கும். எச்சிலை விழுங்கிக்கொண்டு, "கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டும்மா, நானும் முட்டையிடணும், எடமில்ல" என்று கெஞ்ச வாயெடுத்தது.

அப்போது பொந்து வாசலில் கோதண்டத்தின் தலை தெரிந்தது. பவுனு போலிதான் வாங்கியிருக்கிறது என்பதை அது செயலியில் பார்த்துவிட்டே வந்திருந்தது.

"பரவாயில்லையே, கண்ணெல்லாம் வெச்சிருக்கா!" என்று வடிவாம்பாளை மேலும் கீழும் பார்த்தது. "நாக்கு வேற அசையுது. என்ன நார் போட்டிருப்பா?" தொழில் ஆர்வம் பொறுக்காமல் வாலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்துப் பார்த்தது.

அதற்குப் பிறகு கோதண்டம் எதுவும் பேசவில்லை.

பவுனு அந்த நிமிஷமே புகாரை வாபஸ் வாங்கி, ஐந்து ஸ்டார் கொடுத்தது. 'போலிதான், ஆனால் நன்றாக வேலை செய்கிறது. அணில் வந்தது. திரும்பிப் போகவில்லை.'

வடிவாம்பாள் புற்றுக்குள் இறங்கவும் மழை பிடிக்கவும் சரியாக இருந்தது. சட்டைகள் இல்லாத சுத்தமான இடத்தில் பதினொரு முட்டைகளை இட்டு, அவற்றைச் சுற்றிப் படுத்துக் கண்ணயரும் நேரத்தில் செயலியில் ஓர் அறிவிப்பு ஒலித்தது: 'நம்பகமான விற்பனையாளர் கோதண்டம் உங்களுக்கு மிக அருகில் இருக்கிறார்.'

நீதி: அசலை விற்க வேண்டுமானால் போலி என்று எழுதுங்கள். போலி என்று எழுதியிருப்பதன் வாலை மட்டும் இழுத்துப் பார்க்காதீர்கள்.