தாளம் சாரும் நாலாவது எண்ணிக்கையும்

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரைக்கூட மதகை அடைத்து நிறுத்திவிடலாம். எங்கள் இசை வாத்தியார் தாளம் சாரின் கையை நிறுத்தக் கம்பம் பள்ளத்தாக்கில் ஆள் கிடையாது.

சோறு பிசையும்போதும் இடது கை தொடையில் தாளம் போடும். ஒருநாள் அனுமந்தன்பட்டியில் பஸ் கிளம்ப விசிலடித்த கண்டக்டரைப் பிடித்துக்கொண்டார். "ஏப்பா, விசிலு தாளத்துல விழுகலப்பா. இன்னொருக்கா ஊது." கண்டக்டர் மறுபடி ஊதிய பிறகுதான் பஸ் நகர்ந்தது.

இரண்டாயிரத்து ஒன்பது வாக்கில், உத்தமபாளையம் பக்கம் நாங்கள் படித்த கல்லூரியில் பிரின்சிபால் ஒரு திட்டம் கொண்டுவந்தார். இசை அடிப்படை படிக்கும் அறுபது பேரில் பாதிப் பேருக்கு சார் நடத்துவார். மீதிப் பேருக்குக் கம்ப்யூட்டர் லேபில், சென்னையிலிருந்து ஆன்லைன் பாடம். மாதக் கடைசியில் பரீட்சை. எந்தப் பக்கம் மார்க் அதிகமோ, அடுத்த வருடம் அந்த வகுப்பு மட்டும்தான் இருக்கும்.

"வைங்கய்யா. நானா பொட்டியான்னு பாத்துருவோம்" என்றார் சார்.

நான் ஏசிக்கு ஆசைப்பட்டு லேபுக்குப் போனேன். சும்மா சொல்லக்கூடாது, புரியாததைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். எழுத்துத் தேர்வில் நாங்கள்தான் முந்தினோம்.

பிறகு கைத்தாளம். ஆதி தாளம், எட்டு எண்ணிக்கை. சாரிடம் படித்தவர்கள் பிசிறில்லாமல் போட்டார்கள். நாங்கள் முப்பது பேரும் நாலாவது எண்ணிக்கையில் சிலையாக நின்றோம். இரண்டு விநாடி கழித்து ஒன்றாகத் தொடர்ந்தோம். லேபில் நெட் சிக்கி, பாட வீடியோ தினமும் அங்கேதான் நின்று சுற்றும். அதைச் சென்னைப் பாணி என்று நினைத்து பயபக்தியோடு கற்றிருந்தோம்.

பிரின்சிபால் விழுந்து விழுந்து சிரித்தார். "லேபுக்கு சைபர்! உங்க கிளாஸ் ஜெயிச்சிருச்சு சார்."

சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "சைபரா? முப்பதும் ஒண்ணா நின்னு ஒண்ணா கெளம்புச்சுக. என் கிளாஸ்லகூட இம்புட்டு ஒத்துமை இல்ல. சிக்குனது பொட்டி. காட்டுனத அப்படியே செஞ்ச பிள்ளைகளுக்கு முழு மார்க்கு போடுங்க."

"ஏலே, சார் நமக்காகவா பேசுறாக?" என்றான் என் பக்கத்தில் நின்றவன்.

"போட்டா நீங்க தோத்துருவீங்க சார்" என்றார் பிரின்சிபால்.

"தோத்துட்டுப் போறேன். இதுகள முட்டாளாக்கி நான் ஜெயிக்க வேண்டியதில்ல. போடுங்கய்யா!"

போட்டார்கள். லேப் ஜெயித்தது. சாரின் வகுப்பு போனது.

அந்த வருடத்தின் கடைசி நாள் பஸ் ஸ்டாப்பில் எங்கள் முப்பது பேரையும் வரிசையாக நிற்கவைத்தார். "ஏலே, நாலுல நிக்காமப் போடுங்க பாப்போம்." நாங்கள் சரியாகப் போடும்வரை இரண்டு பஸ்ஸை விட்டார். மூன்றாவதில்தான் ஏறினார்.

இன்றும் வீடியோ பாதியில் நின்று சுற்றும்போதெல்லாம், என் கை மட்டும் நிற்பதில்லை, சார்.